ஆடியில வீடு தேடுங்க, வாடகை குறையும்

வாடகை வீடு மாறப்போறீங்களா, ஆடியிலயோ மார்கழியிலயோ தேடுங்க, அப்பதான் பேரம் படியும். ஜூலை பாதியில இருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும், அப்புறம் டிசம்பர் பாதியில இருந்து பொங்கல் வரைக்கும் பால் காய்ச்சக் கூடாதுன்னு நம்ம ஊர்ல பாதிப் பேர் வீடு பாக்கவே வரமாட்டாங்க, அதனால காலியா இருக்கற வீடு அப்படியே பூட்டிக் கிடக்கும். 15,000 ரூபா வாடகை வீடு ஒரு மாசம் சும்மா கிடந்தா ஓனருக்கு முழுசா 15,000 போச்சு, நீங்க மாசம் 1,000 குறைச்சுக் கேட்டா 11 மாச அக்ரிமென்ட்டுக்கு அவருக்கு 11,000தான் நஷ்டம், இந்தக் கணக்கைப் பக்குவமா எடுத்துச் சொன்னா நிறைய பேர் இறங்கி வருவாங்க. வாடகையில அசையலைன்னா அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லுங்க (2017 வாடகைச் சட்டத்துல, தனியா வேற மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும் 3 மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னே இருக்கு, சென்னையில யாரு கேக்கறா!).

உங்களுக்கும் நம்பிக்கை இருக்கா, பிரச்சினையே இல்ல, ஆடியில பேசி டோக்கன் மட்டும் குடுத்துட்டு ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சுங்க, ஆனா நடுவுல உள்ள நாளுக்கு வாடகை உண்டா இல்லையான்னு முன்னாடியே கேட்டுக்கணும்.

ஐடி கம்பெனி, காலேஜ் பக்கம் பேச்சிலர்ஸ் வருஷம் பூரா வரிசையில நிப்பாங்க, அங்க இது எடுபடாது. ஓனரே ஆடி பாக்கறவரா இருந்தா டோக்கனே வாங்க மாட்டாரு, ஆவணி வரட்டும்பாரு.