அரிஷ்டக் குப்பியால் போன அறை

லீவுக்குத் தக்கலை வந்து நாலு நாள் ஆகிறது. அதற்குள் மூன்று பேர், "கலிபோர்னியா போறோம், என்னென்ன கொண்டு போகணும்?" என்று கேட்டுவிட்டார்கள். நேந்திரங்காய் சிப்ஸை உங்கள் அம்மா பார்த்துக்கொள்வார். சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு எல்லாம் கம்பெனியிலேயே சொல்லித் தருவார்கள். யாரும் வாய் திறந்து கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன்: குடியை விட்டவன் அங்கே தங்கும் வீடு.

நம் ஊர் மறுவாழ்வு மையத்தில் வீட்டார் பணம் கட்டிக் கொண்டுபோய் விடுவோம். அங்கே 'சோபர் ஹோம்' என்பது சிகிச்சை முடிந்தவர்கள் வாடகை கொடுத்துச் சேர்ந்து தங்கும் சாதாரண வீடு. தங்க இடம் மட்டும் கொடுப்பவருக்கு மாநில லைசென்ஸ் தேவையில்லை. சிகிச்சையும் கொடுத்தால்தான் வேண்டும். அதனால் நல்லவனும் நடத்துவான், கள்ளனும் நடத்துவான்.

என் சிநேகிதன் ஒருவன், கருங்கல் ஊர்க்காரன், பெயர் வேண்டாம். அப்படியொரு வீட்டில் சேர வாடகையும் டெபாசிட்டுமாக 1,400 டாலரை ரொக்கமாகக் கொடுத்தான். ரசீது இல்லை. வாய்ச்சொல்லை நம்பி ஒத்திக்குப் பணம் கொடுக்கும் ஊரில் பிறந்தவன், கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறான். ஏழு பக்கத் தாளிலும் கையெழுத்துப் போட்டான். நாலாம் பக்கத்தில் இருந்தது இது: நான் வாடகைதாரர் அல்ல, பங்கேற்பாளர், எந்நேரமும் வெளியேற்றலாம், டெபாசிட் திரும்பாது. யார் வாசித்தது?

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி, இடுப்புவலிக்கு அம்மா கொடுத்துவிட்ட தசமூலாரிஷ்டத்தில் இரண்டு மூடி குடித்தான். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்கிற மருந்து. ஆல்கஹால் அதில் தானாக ஊறும். கருவியில் ஊதச் சொன்னார்கள், காட்டிக்கொடுத்துவிட்டது. பத்து மணிக்கு அவன் துணிமணி கறுப்புக் குப்பைப் பையில் நடைபாதைக்கு வந்தது. கதவுப் பூட்டின் நம்பரும் மாறிவிட்டது. குப்பியையும் மூடி முறுக்காமல் அதே பையில் போட்டிருந்தார்கள். என் காரில் ஒரு வாரம் அரிஷ்ட வாசம்.

இதைத்தான் தெரிந்துகொள்ளுங்கள். பூட்டை மாற்றி வாடகைதாரரை வெளியே தள்ளுவது அங்கே சட்டவிரோதம். நாளுக்கு 100 டாலர் வரை வீட்டுக்காரர் கொடுக்க நேரும். 'வாடகைதாரர் அல்ல' என்று தாளில் எழுதியதாலேயே அது தீர்ப்பாகிவிடாது. எத்தனை நாள் தங்கினான், எப்படி வாடகை கொடுத்தான் என்றும் நீதிமன்றம் பார்க்கும். வாடகைதாரர் என்றால் டெபாசிட்டை 21 நாளுக்குள், பிடித்தம் இருந்தால் கணக்கோடு, திருப்ப வேண்டும். தராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே 12,500 டாலர் வரை கேட்கலாம். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டாமா? அவன், "போகட்டும் விடுடே" என்றான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆகவே செக்கிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். மருந்து, லேகியம், இருமல் டானிக், எதுவானாலும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நேற்று கருங்கலுக்குப் போய் அவன் அம்மாவைப் பார்த்தேன். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் தந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது பழைய செய்தித்தாளில் சுற்றிய குப்பி ஒன்றை நீட்டினார். "ராத்திரி ரெண்டு மூடி குடிக்கச் சொல்லு மக்களே." வாங்கிக்கொண்டேன். இப்போது அது எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் இருக்கிறது.