கம்பம் வெயிலுக்கும் குமுளிச் சாரலுக்கும் ஒரே உடுப்பு

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் தேனி மாவட்டத்துக் கம்பத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலையேறி, கேரள எல்லையில் உள்ள குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சாரலும் குளிரும். கனமான ஸ்வெட்டர் இதற்குத் தோதுப்படாது. முட்டி வரையிலான மெல்லிய பருத்திக் குர்தி, மேலே முன்பக்கம் திறந்த முழுக்கை காதி ஜாக்கெட். வேர்த்தால் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். கீழே, கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும் ஸ்ட்ரெய்ட் பேன்ட். கால் அகலமான பலாசோ பேன்ட் வேண்டவே வேண்டாம், விளிம்பு சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஜீன்ஸ் நனைந்தால் லேசில் காயாது.

சேலைதான் என்றால் சுங்குடி அழகு. ஆனால் புதுசு நனைந்தால் சாயம் உள்பாவாடையில் இறங்கும். தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை தனியாக அலசி, நிழலில் உலர்த்திய பிறகே உடுத்துங்கள். சேலையின் கீழ்க்கரையில் உட்புறம் தைக்கும் பருத்தி ஃபால்ஸ் துணியையும் தைப்பதற்கு முன் ஓர் இரவு ஊறவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கி, கரையை இழுத்துக்கொள்ளும்.