கௌதாரி ஓடாமல் நின்ற காலை

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் கௌதாரியைப் படமெடுக்க நடந்து நெருங்கியபோதெல்லாம், அது பறக்காமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு வேலிக்கருவைப் புதருக்குள் ஓடி மறைந்தது. எனக்கு மிஞ்சியவை முதுகுப்புறப் படங்களே. பின்தொடர்வதுதான் பிழை என்று புரிந்ததும், மாலையில் அது அடையும் உடைமரத்தைத் தொலைவிலிருந்தே பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் விடியுமுன் வரப்போரம் சாக்கைப் போர்த்திக் குப்புறப் படுத்து, கேமராவின் ஷட்டர் ஒலியையும் அணைத்துவிட்டேன். உரத்த கூவல் அடங்கிய சற்று நேரத்தில், இரண்டு பறவைகள் வண்டிப்பாதைப் புழுதியில் இறங்கிக் குளித்தன. வெளிர்மஞ்சள் தொண்டையைச் சுற்றிய மெல்லிய கருங்கோடும், சிலிர்த்த இறகிலிருந்து உதிர்ந்த மண்ணும் தெளிவாகப் பதிந்தன. பதிவு செய்த கூவலை ஒலிக்கவிட்டு நான் அழைப்பதில்லை. தன் எல்லையைக் காக்கும் பறவையை அது வீணாக அலைக்கழிக்கும்.