கலிபோர்னியாவில் டர்ட் பைக் தடங்களுக்கு அரசு நிதி கேட்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

நாங்கள் வார இறுதியில் டர்ட் பைக் (மண் தடத்தில் ஓட்டும் பைக்) ஓட்டப் போகும் இடத்தில் ஒரு தடம் மழையில் அரித்துப்போய் இரண்டு வருடம் மூடியே கிடந்தது. குழந்தைகள் பழகுவதற்கு ஏற்ற, மேடு பள்ளம் அதிகம் இல்லாத தடம் அங்கே அது ஒன்றுதான். பார்க்கிங்கில் நின்று குறைபட்டுக்கொண்டோம், வாட்ஸ்அப் குழுவில் புலம்பினோம். ஆனால் அதைச் சரிசெய்யப் பணம் ஒதுக்குகிறவர் யார், அவரிடம் யாராவது போய்க் கேட்டார்களா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன், இப்போது வருடம் தவறாமல் செய்கிறேன். சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சாக்ரமென்டோ பக்கம் நம் ஆட்கள் எத்தனையோ பேர் பைக், ஏடிவி, ஜீப் என்று ஓட்டுகிறார்கள், அவர்களில் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பினாலும் எனக்குச் சந்தோஷம்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வந்துவிடுகிறேன். "நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், எனக்கு ஓட்டே கிடையாதே, நான் போய்ப் பேசலாமா?" தாராளமாகப் பேசலாம். அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் அந்தத் தொகுதியில் குடியிருக்கிறீர்கள், வரி கட்டுகிறீர்கள், அது போதும். ஒரே ஒரு எல்லைக்கோடு உண்டு: விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தல் வேட்பாளருக்கும் பணம் கொடுக்கக் கூடாது, மாநிலத் தேர்தல், நகராட்சித் தேர்தல் உட்பட. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். ஆனால் யாராக இருந்தாலும், கோரிக்கை வைக்கிற சந்திப்பில் நன்கொடைப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம், லாபியிஸ்ட் (அரசிடம் பிறருக்காகப் பரிந்து பேசுவதைத் தொழிலாகச் செய்பவர்) என்று பதிவு செய்ய வேண்டுமா என்ற பயமும் வேண்டாம். அந்தச் சட்டம் இதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கானது, சொந்த நேரத்தில் சொந்தக் காசில் போகிற உங்களுக்கு அல்ல.

படி 1: பணம் எங்கிருந்து வருகிறது என்று படியுங்கள்

இதை விட்டுவிட்டு நேராகச் சந்திப்புக்குப் போகாதீர்கள். நிதி கேட்டுப் போகிற பலர் தடுமாறுவது இங்கேதான்.

கலிபோர்னியாவில் 1971-ல் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் சேப்பி, ஸ்பெர்க் என்ற இரண்டு அசெம்பிளி (மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை) உறுப்பினர்கள். ஒருவர் குடியரசுக் கட்சி, இன்னொருவர் ஜனநாயகக் கட்சி, அதிலும் ஸ்பெர்க் சுற்றுச்சூழல் விஷயங்களில் முன்னால் நின்றவர். அந்தச் சட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஓ.எச்.வி. ட்ரஸ்ட் ஃபண்டு (ஓ.எச்.வி. என்றால் ஆஃப்-ஹைவே வெஹிக்கிள், சாலைக்கு வெளியே ஓட்டும் வண்டி). சாலையில் ஓடாத வண்டிக்கு நாம் போடும் பெட்ரோலிலும் சாலை வரி சேர்ந்தே பிடிக்கப்படுகிறது இல்லையா, அந்த வரியில் ஒரு பங்கு இந்த நிதிக்கு வருகிறது. இந்த வண்டிகளின் பதிவுக்கு அடையாளமான பச்சை ஸ்டிக்கருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டும் கட்டணமும், பூங்கா நுழைவுக் கட்டணமும் இதில்தான் சேருகின்றன. 1975-ல் தொடங்கிய ஹாலிஸ்டர் ஹில்ஸ் முதல், ஓஷியானோ டூன்ஸ், கார்னகி, ப்ரெய்ரி சிட்டி, ஆக்கோட்டியோ வெல்ஸ் என்று மாநிலம் நடத்தும் ஓட்டுமிடங்கள் இந்த நிதியை நம்பித்தான் நடக்கின்றன.

ஆகவே நீங்கள் போய்க் கேட்பது சலுகை அல்ல. நாம் பம்பில் கட்டிய வரியை நம் தடத்துக்குத் திருப்பிச் செலவிடச் சொல்கிறோம், அவ்வளவுதான். இதை நன்றாக மனதில் ஏற்றிக்கொண்டால் உங்கள் குரலே மாறிவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2017-ல் எஸ்.பி. 1 (எஸ்.பி. என்றால் செனட் பில், செனட்டில் தொடங்கிய மசோதா) என்ற சட்டம் பெட்ரோல் வரியை கேலனுக்கு 12 சென்ட் ஏற்றியது. அந்தக் கூடுதல் வரியிலும் நம் வண்டிகளின் பங்கு உண்டு. ஆனால் அது ஓ.எச்.வி. நிதிக்கு நேராக வரும்படி எழுதப்படவில்லை, மாநிலப் பூங்காக்களின் பொது நிதிக்குப் போகும்படி எழுதப்பட்டது. அங்கிருந்து ஓ.எச்.வி.க்குச் செலவிடலாம், ஆனால் செலவிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இப்படி ஒரு வாசகம் சட்டத்தில் எழுதப்படும்போது அந்த அறையில் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

படி 2: உங்கள் இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள்

உங்கள் வீட்டு முகவரிக்கு ஒரு அசெம்பிளி உறுப்பினர், ஒரு மாநில செனட்டர். அசெம்பிளியில் மொத்தம் 80 பேர், செனட்டில் 40 பேர். சட்டமன்ற இணையதளத்தில் முகவரியைப் போட்டால் இருவர் பெயரும் வந்துவிடும். வாஷிங்டனில் உட்காருகிற செனட்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது சாக்ரமென்டோ விஷயம். இருவரும் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் குழுவில், அதிலும் இயற்கை வளங்களைப் பார்க்கும் துணைக்குழுவில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் போங்கள், அவர்கள் தங்கள் சக உறுப்பினரிடம் சொல்லலாம்.

படி 3: காலண்டரைப் பார்த்து நகருங்கள்

ஜனவரி 10-க்குள் ஆளுநர் பட்ஜெட்டை வைக்க வேண்டும். வசந்த காலம் முழுக்கத் துணைக்குழுக்கள் அதை வரிவரியாகப் பார்க்கும். மே 14-க்குள் திருத்திய பட்ஜெட் வரும், ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும், ஜூலை 1 புது நிதியாண்டு. ஜூனில் போய் நின்றால் எல்லாம் முடிந்திருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை உறுப்பினர்கள் பெரும்பாலும் தங்கள் தொகுதியில்தான் இருப்பார்கள். முதல் சந்திப்புக்கு அதுதான் சரியான நேரம், சாக்ரமென்டோ வரை வண்டி ஓட்டவும் தேவையில்லை.

படி 4: ஒரே பக்கம், ஒரே கோரிக்கை

ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். மேலே உங்கள் பெயர், குடியிருக்கும் ஊர். அடுத்து பிரச்சினை இரண்டு வரியில்: எந்தத் தடம், எப்போதிலிருந்து மூடியிருக்கிறது, யார் பயன்படுத்தினார்கள். ஒரு படம், அரித்துப்போன இடம் தெளிவாகத் தெரியும்படி. கடைசியில் கோரிக்கை.

கோரிக்கை என்றால் "ஆஃப்-ரோடு ஓட்டுபவர்களுக்கு ஆதரவு தாருங்கள்" என்று எழுதக் கூடாது, அதற்கு அவர் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிடுவார், அதோடு முடிந்தது. "ஓ.எச்.வி. ட்ரஸ்ட் ஃபண்டின் பணத்தை வேறு துறைக்கு மாற்றும் எந்தப் பட்ஜெட் ஒதுக்கீட்டுக்கும் நீங்கள் துணைக்குழுவில் எதிர்ப்புத் தெரிவிப்பீர்களா?" இப்படிக் கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாக இருக்கட்டும். அந்தத் தடம் அவருடைய தொகுதிக்குள் இருந்தால் அதைச் சரிசெய்யும் பணியைப் பூங்காத் துறையிடம் எழுத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து போகும் கேள்விக்குத் துறையிலிருந்து பதில் வரும்.

படி 5: சந்திப்பு

தொகுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி 20 நிமிடம் கேளுங்கள். பெரும்பாலும் உறுப்பினர் வரமாட்டார், அவருடைய உதவியாளர் வருவார், வயதில் மிகச் சின்னவராகக்கூட இருப்பார். அதில் மனம் தளர வேண்டாம். பட்ஜெட் தாளில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும் என்று உறுப்பினருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் பல நேரம் அவர்தான், அவரை முழு மரியாதையோடு நடத்துங்கள்.

மூன்று நான்கு பேர் போங்கள், அதற்கு மேல் வேண்டாம். யார் எதைப் பேசுவது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். என் முதல் சந்திப்பில் நாங்கள் ஏழு பேர் போனோம், ஆளுக்கு ஒரு குறை சொன்னோம், நேரம் முடிந்தது, அந்த உதவியாளர் கடைசியில் "சரி, நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" என்று கேட்டபோது எங்களிடம் ஒரே பதில் இல்லை. அடுத்த முறை மூன்று பேர் போனோம்: குழந்தைகளை அழைத்துப்போகும் ஒரு தாய், தடத்துக்குப் பக்கத்து ஊரில் டயர் கடை வைத்திருப்பவர், நான். கடைக்காரர் தன் சனிக்கிழமை வியாபாரத்தைப் பற்றிப் பேசிய ஐந்து நிமிடத்தில்தான் அந்த உதவியாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

தூசி, சத்தம், மண் அரிப்பு, வனவிலங்கு, இவை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அவை உண்மையான பிரச்சினைகள், மழுப்பாதீர்கள். சட்டத்திலேயே பதில் இருக்கிறது: இந்த நிதியிலிருந்து வழங்கப்படும் மானியங்களில் 50 சதவீதம் பராமரிப்புக்கு, 25 சதவீதம் கெட்டுப்போன நிலத்தை மீட்டெடுக்க, 20 சதவீதம் சட்ட அமலாக்கத்துக்கு, 5 சதவீதம் பாதுகாப்புக் கல்விக்கு. வண்டிகளின் சத்தத்துக்கு 96 டெசிபெல் வரம்பு உண்டு. நல்ல தடம் இருந்தால்தான் வண்டி தடத்தில் ஓடும், இல்லாவிட்டால் புல்வெளியில் ஏறும். சுற்றுச்சூழலில் அக்கறை உள்ள உறுப்பினரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மறுநாளே நன்றி மின்னஞ்சல், கேட்ட தகவல் ஏதும் இருந்தால் அதோடு சேர்த்து.

படி 6: குழு விசாரணை

மசோதாவோ பட்ஜெட் ஒதுக்கீடோ குழுவுக்கு வரும்போது கடிதத்தை இணையவழியில் அனுப்பலாம். அச்சடித்த ஒரே கடிதத்தை ஐம்பது பேர் அனுப்புவதைவிட சொந்த வார்த்தையில் ஐந்து பேர் எழுதுவது மேல். நேரில் போனால் முக்கிய சாட்சிகள் பேசிய பிறகு மற்றவர்களை மைக்குக்கு அழைப்பார்கள். அங்கே பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா, இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். பேச்சுக்கு அது இடமில்லை.

இரண்டு நடந்த கதைகள்

2017 இறுதியோடு இந்த ஓ.எச்.வி. திட்டமே காலாவதி ஆக இருந்தது. செனட்டர் பென் ஆலன் கொண்டுவந்த எஸ்.பி. 249 அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மசோதா. முதல் வடிவத்தில் இருந்த கட்டுப்பாடுகளைப் பார்த்து ஓட்டுபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்போடு நிற்காமல் பேச்சுவார்த்தையும் நடந்தது, மசோதா மாறியது, கடைசியில் சுற்றுச்சூழல் விதிகளும் இருந்தன, திட்டமும் நிரந்தரமானது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அக்டோபரில் கையெழுத்திட்டார். முழுவதும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ஜனவரியில் நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இரண்டாவது, வலிக்கும் கதை. கார்னகிக்குப் பக்கத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் நிலம், ஓ.எச்.வி. பணத்தில் தொண்ணூறுகளில் வாங்கியது, விரிவாக்கத்துக்காக. லிவர்மோர் பக்கத்து மக்கள் அதை வண்டி ஓடாத இயற்கைப் பூங்காவாக வைக்கச் சொல்லி வருடக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். 2021-ல் பட்ஜெட்டோடு ஒட்டிய எஸ்.பி. 155 மூலம் அது நடந்தது, ஓ.எச்.வி. நிதிக்கு சுமார் 3 கோடி டாலர் திருப்பித் தரப்பட்டது. நிலம் போய்விட்டது. அவர்கள் செய்தது முழுக்கச் சரியான ஜனநாயக வேலை. அவர்களுடைய பொறுமையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சாக்ரமென்டோ பெரிதாகத் தெரிந்தால்

இங்கே ஆரம்பியுங்கள். ஓ.எச்.வி. விவகாரங்களுக்கென்று ஒன்பது பேர் கொண்ட ஆணையம் ஒன்று இருக்கிறது, ஐந்து பேரை ஆளுநரும், மற்ற நால்வரை சட்டமன்றத்தின் இரு அவைகளும் நியமிக்கின்றன. அதன் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம். வன இலாகா, கவுன்டிகள், தன்னார்வ அமைப்புகள் எல்லாம் மானியத்துக்கு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் போடுகின்றன. வசந்த காலத்தில் அந்த முதல்நிலை விண்ணப்பங்கள் மக்கள் கருத்துக்காகத் திறந்திருக்கும். உங்கள் தடத்தை நிர்வகிப்பவரின் விண்ணப்பத்தைத் திறந்து படியுங்கள், மூடிய அந்தத் தடம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் தடம் முதல் வருடம் இல்லை. நாங்கள் எழுதினோம், பதினோரு பேர், ஒவ்வொருவரும் தனித்தனியாக. அடுத்த வருட விண்ணப்பத்தில் அதன் பெயர் இருந்தது, வடிகால் குழாய்க்கான செலவோடு.