கிரான்பெரி தானாக உறையும், மேப்பிள் உறையாது: ஜெலியும் சோஸும் காய்ச்சும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே கிரான்பெரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்தின் பைகள் குவிந்து கிடக்கும். கனடாவில் நன்றி நவிலல் நாள் அந்த மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. முழு வான்கோழி வாட்டுகிற வீட்டிலும் சரி, எங்களைப் போல அதைக் கோழியாகச் சுருக்கித் தூள் தடவி ஓவனில் வைக்கிற வீட்டிலும் சரி, பக்கத்தில் ஒரு கிண்ணம் சிவப்புச் சோஸ் இருந்தாக வேண்டும் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பழகி வந்துவிடுகிறார்கள்.

நான் முதன்முதலில் காய்ச்சியபோது நடந்ததைச் சொல்கிறேன். பத்து நிமிடம் கொதித்தும் சட்டியில் இருந்தது இரசம் போலத்தான் ஓடியது. இறுகவில்லையே என்று அடுப்பை அணைக்காமல் இன்னும் கால் மணி நேரம் கிண்டினேன். ஆறிய பிறகு பார்த்தால் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. கத்தியால் துண்டு போட்டுத்தான் மேசையில் வைத்தோம். சின்னவன் அதைத் தொதல் என்று நினைத்து எடுத்தான். ஒரு கடியில் முகம் கோணிவிட்டது, ஏனென்றால் அளவுக்கு மீறிக் காய்ந்த கிரான்பெரி கைக்கத் தொடங்கும்.

கிரான்பெரிச் சோஸ் அடுப்பில் இறுகுவதில்லை, ஆறும்போதுதான் இறுகும். ஊரில் கொய்யாப்பழ ஜெலியோ விளாம்பழ ஜாமோ காய்ச்சிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பழத்துக்குள் இருக்கும் பெக்டின் என்ற பசை, புளிப்பு, சீனி இவை மூன்றும் சரியான அளவில் கூடினால் சூடு இறங்க இறங்கக் கலவை உறைந்துவிடும். கிரான்பெரியில் பெக்டினும் தாராளம், புளிப்பும் தாராளம். நாங்கள் கொடுக்க வேண்டியது சீனி மட்டுமே. மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சி எடுக்கும் மேப்பிள் பாணி இதற்கு நேர் எதிர். அதில் சீனி மட்டும்தான் இருக்கிறது. பெக்டின் கிடையாது, புளிப்பும் இல்லையென்றே சொல்லலாம். ஒன்று தானாக உறையும், மற்றது எவ்வளவு காய்ச்சினாலும் ஜெலியாகாது. இரண்டையும் ஒரே குணம் என்று நினைத்து அடுப்பில் ஏற்றுவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

கிரான்பெரியை அதன் போக்கில் விடாதது

இங்கே கடைப் பை பெரும்பாலும் 340 கிராம். அதற்கு ஒரு கோப்பை தண்ணீர், ஒரு கோப்பை சீனி என்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. கொதி வந்த பிறகு பத்து நிமிடம் போதும். பழங்கள் பட்பட்டென்று வெடிக்கும். பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் வரும் சத்தம் அது. அறுவடைக் காலத்தில் வயலைத் தண்ணீரால் நிரப்பிப் பழத்தை மிதக்க விட்டு அள்ளுவதும் இந்தக் காற்றை நம்பித்தான். ஒன்ராறியோவின் முஸ்கோகாப் பக்கம் பாலா என்ற ஊரில் ஒக்டோபரில் கிரான்பெரித் திருவிழா நடக்கும். சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரிக் குளம் முழுக்கப் பழம் மிதப்பதை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அது கிடக்கட்டும். முக்கால்வாசிப் பழம் வெடித்ததும் அடுப்பை அணையுங்கள். முழுவதும் மசிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இறுகுமா இறுகாதா என்று மனம் கேட்காவிட்டால் ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே பிரீசரில் வைத்திருங்கள். அதில் ஒரு தேக்கரண்டி சோஸை விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழுந்தால் போதும். பரிசோதிக்கும் அந்த ஒரு நிமிடமும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். வெப்பமானி இருந்தால் ஜெலிக்கு 104 பாகை செல்சியஸ் கணக்கு. ஆனால் இது ரொறன்ரோ, மொன்றியல் போன்ற தாழ்ந்த இடங்களுக்கான கணக்கு. கால்கரி 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீரே 96, 97 பாகையில் கொதித்துவிடும். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நாலு, நாலரைப் பாகை என்று வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் பிழைக்காது. கால்கரியில் 104 வரும்வரை காத்திருப்பவர் என்னுடைய தொதலைத்தான் கிண்டுவார்.

கடையில் விற்கும் பெக்டின் தூளை ஒரு பாதுகாப்புக்காகச் சேர்ப்பது அடுத்த பிழை. பழத்தில் ஏற்கனவே நிறையப் பெக்டின் இருக்கிறது. மேலே தூளும் போட்டால் இறப்பர் மாதிரி வரும். ஆனால் அதிக நேரம் கொதித்தால் பெக்டினே சிதைந்து உறையும் சக்தி குறைந்துவிடும். ஒருமுறை இறுகாமல் போன சோஸைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

சீனியைக் கண்டபடி குறைப்பதும் அப்படித்தான். சாப்பாட்டோடு தொட்டுக்கொள்ளும் தளர்ந்த சோஸ் என்றால் குறைக்கலாம், பரவாயில்லை. ஜெலியில் குறைத்தால் உறையாது, ஏனென்றால் பெக்டினைச் சுற்றியுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்வதே சீனிதான். புளிப்பு கூடிவிட்டது என்று அப்பச்சோடாவை ஒரு சிட்டிகைக்கு மேல் போடுகிறவர்களும் உண்டு. புளிப்பு அடங்கும், அத்தோடு ஜெலியும் அடங்கிவிடும். சீனியைப் பழம் வெடிக்கத் தொடங்கிய பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டால் தோல் சற்று விறைத்து, கடிக்கும்போது பல்லில் நிற்கும்.

இரட்டை அளவு ஒரே சட்டியில் வேண்டாம். பெரிய சட்டி சூடேறவே நேரம் பிடிக்கும், அதற்குள் அடியில் கிடப்பது அதிகம் வெந்துவிடும். இரண்டு தடவையாகக் காய்ச்சினால் மொத்தத்தில் நேரமும் கூடாது. வெறும் அலுமினியத் தாச்சியிலும் இது வேண்டாம். புளிப்பு உலோகத்தோடு சேர்ந்தால் நிறமும் ருசியும் கெடும். எவர்சில்வர் அல்லது எனாமல் சட்டி நல்லது.

கண்ணாடி போலத் தெளிந்த ஜெலி வேண்டுமென்றால் வேகவைத்த பழத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சாறு தானாகச் சொட்டும்வரை விட வேண்டும். பிழிந்தால் கலங்கும். தேங்காய்ப்பால் பிழிந்த கைக்கு இது மிகப் பெரிய சோதனை. யாருக்காவது பரிசாகக் கொடுப்பதென்றால் பொறுமை காட்டுவேன்; வீட்டுக்கென்றால் நன்றாகப் பிழிந்தே எடுக்கிறேன், ருசியில் ஒரு குறையும் இல்லை.

உறைந்த கிரான்பெரியை உருக வைத்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்பதும் தேவையில்லாத வேலை. பிரீசரிலிருந்து நேரே சட்டிக்குப் போகலாம். ஆனால் சீனியில் ஊறிய உலர் கிரான்பெரியோ, பெட்டியில் விற்கும் கிரான்பெரிப் பானமோ ஜெலிக்கு ஆகாது. பானத்தில் பெரும்பகுதி தண்ணீரும் சீனியும்தான்.

மேப்பிள் வந்ததும் கணக்கு மாறும்

மேப்பிள் பாணியின் கதை எங்கள் பனம்பாணியின் கதைதான். மரம் தரும் நீரைக் காய்ச்சிக் காய்ச்சிச் சுண்ட வைப்பது. இங்கே இரவில் உறைபனியும் பகலில் உருகலுமாக இருக்கும் மார்ச், ஏப்ரலில் மரத்தைத் துளையிட்டு நீர் எடுக்கிறார்கள். ஏறத்தாழ 40 லீற்றர் நீர் சுண்டி ஒரு லீற்றர் பாணி. அந்த விலை ஏன் என்று இனிக் கேட்க மாட்டீர்கள். உலகத்தின் மேப்பிள் பாணியில் பெரும்பகுதி கியூபெக்கிலிருந்து வருகிறது.

முதல் ஏமாற்றம் கடை அலுமாரியிலேயே நடக்கும். பான்கேக்குக்கு ஊற்றும் மலிவுப் பாணி பல சோளப் பாணியில் வாசனை சேர்த்தது. போத்தலின் முகப்பில் மேப்பிள் இலை இருந்தால் போதாது, பின்பக்கத்தைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். மேப்பிள் பாணி என்ற ஒன்றே ஒன்றுதான் அங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது, நிறம் வெளிறியதுதான் உயர்ந்தது என்று வாங்குவது. பொன்னிறம், அம்பர், கடும் நிறம், மிகக் கடும் நிறம் என்று நாலு வகை உண்டு. பொன்னிறத்தின் வாசனை மிக மென்மை. கிரான்பெரியின் புளிப்புக்கு முன்னால் அது வாயே திறக்காது. சோஸுக்குக் கடும் நிறம்தான் பொருத்தம். பொன்னிறத்தைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், நெய்த்தோசைக்கு நன்றாகவே இருக்கும்.

மூன்றாவதுதான் கணக்குப் பிழை. ஒரு கோப்பை சீனிக்கு ஒரு கோப்பை பாணி என்று மாற்றிவிட்டுத் தண்ணீரைக் குறைக்காமல் விடுவது. பாணியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அந்தக் கோப்பைக்குள் நூறு மில்லிலீற்றருக்கும் மேல் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அது சுண்டும்வரை காய்ச்சினால் முதலில் சொன்ன தொல்லைகள் எல்லாம் திரும்பி வரும். 340 கிராம் பழத்துக்கு முக்கால் கோப்பை பாணி என்றால் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்கு கோப்பைதான்.

நான் இப்போது செய்வது வேறு. முக்கால் கோப்பை தண்ணீரில் பழத்தை வெடிக்க விட்டு, அரைக் கோப்பை சீனி போட்டுக் கரைத்து, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில்தான் அரைக் கோப்பை பாணியை ஊற்றுவேன். முதலிலேயே ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும். சமையலறை மணக்கும், சோஸ் மணக்காது.

பாணியைத் தனியாகக் கொதிக்க வைக்கும்போது பால் மாதிரிப் பொங்கும். பாத்திரத்தில் கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். கரையோரம் துளி பட்டர் தடவினால் நுரை அடங்கும். சூடு 112 பாகையைத் தாண்டினால் அது சோஸ் அல்ல, பனியில் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தின்னும் மிட்டாய்ப் பதம்.

அப்படியானால் மேப்பிள் ஜெலி என்று விற்கிறார்களே? அமெரிக்காவின் வெர்மொண்ட் பக்கம் அதற்குக் கடல் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் தூளைச் சேர்க்கிறார்கள். வீட்டில் எங்களுக்குத் தெரிந்த கடற்பாசியே போதும், அகர் தூள் என்று கிடைப்பது. இதில் நடக்கும் பிழை, தூளை நேரே பாணியில் கொட்டுவது. அவ்வளவு சீனிக்குள் அது சரியாகக் கரையாது. அரைக் கோப்பை தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி தூளை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டுக் கரைத்து, பிறகு ஒரு கோப்பை பாணியைச் சேருங்கள். பாணியும் சூடாக இருக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாணியை ஊற்றினால் கடற்பாசி அந்த இடத்திலேயே உறைந்து கட்டிகட்டியாகிவிடும். கிரான்பெரிச் சாறு சேர்ப்பதென்றால் இறக்கிய பிறகு சேருங்கள், புளிப்போடு கொதித்தால் கடற்பாசி வலுவிழக்கும்.

மேப்பிள் இயற்கையானது, சலரோகக்காரருக்கும் ஒன்றும் செய்யாது என்று குடும்பக் கூட்டங்களில் யாராவது ஒரு மாமா சொல்லுவார். அதில் இருப்பதில் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே பொருள். மாமாவின் தட்டில் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

போத்தலில் அடைக்கும்போது

ருசி கெட்டால் ஒரு நாள் கவலை, இங்கே பிழைத்தால் ஆஸ்பத்திரி. அதனால் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சூடாக ஊற்றி மூடியைப் பூட்டிப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது பழைய பழக்கம். மேலே மெழுகு உருக்கி ஊற்றுவதும் அப்படியே. இரண்டும் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. மாதக்கணக்கில் அலுமாரியில் வைக்க வேண்டுமென்றால் பதப்படுத்தும் போத்தலில் ஊற்றி, மேலே கால் அங்குலம் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து, மூடி, கொதிக்கும் தண்ணீரில் முழுகவைக்க வேண்டும். வெறும் கிரான்பெரி, சீனி, தண்ணீர் சேர்ந்த சோஸுக்கு 15 நிமிடம். உங்கள் ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,000 அடியைத் தாண்டினால் 20, 6,000 அடியைத் தாண்டினால் 25. மூடியின் வளையத்தைத் திரும்பப் பாவிக்கலாம், அதற்குள் வரும் தட்டை மூடி ஒரு தடவைக்குத்தான். ஆறியதும் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். டிக்கென்று மேலும் கீழும் போனால் அடைபடவில்லை, அந்தப் போத்தல் பிரிட்ஜுக்கு.

கிரான்பெரியின் புளிப்புத்தான் இங்கே காவல். போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி, புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே வளராது, கிரான்பெரி அதற்கு வெகு கீழே நிற்கிறது. ஆனால் உள்ளி, இஞ்சி, வெங்காயம், பச்சைமிளகாய் என்று எங்கள் கைக்கு வந்ததைப் போட்டால் அந்தக் கணக்கு மாறும். அப்படிச் செய்ததை அலுமாரியில் வைக்க வேண்டாம். பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தை உறைய வையுங்கள். திறந்த மேப்பிள் போத்தலுக்கும் இடம் பிரிட்ஜ்தான், வெளியே விட்டால் மேலே பூஞ்சணம் படியும்.

எங்கள் வீட்டில் கிரான்பெரியோடு மேப்பிளும் கொச்சிக்காய்த் தூளும் இடித்த உள்ளியும் சேர்த்து ஒரு சோஸ் உண்டு. கோழிக்கு என்று சொல்லித்தான் செய்கிறேன். மட்டன் றோல்ஸ் பொரித்து இறக்கியதும் கிண்ணம் அந்தப் பக்கம் போய்விடும், கோழி வெட்டும்போது வழித்துத் துடைத்த கிண்ணம்தான் மேசையில் இருக்கும். ஒரு வாரக் கெடு பற்றி இதுவரை கவலைப்பட நேர்ந்ததில்லை.