பல் முரசில் (ஈறில்) இரத்தம் வராததை நம்பாதீர்கள்: சுருட்டுப் பத்துபவர்கள் செய்யும் தவறுகள்

கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்யும் என் பெரியப்பாவுக்கு முன்பல் இரண்டு ஆடத் தொடங்கின. நாக்கால் தள்ளினால் முன்னே போய்ப் பின்னே வரும். ஆனாலும், "முரசு நல்லாத்தான் இருக்கு, ஒருநாளும் ரத்தம் வரேல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வரம்பில் இருந்து நாளுக்கு ஏழெட்டுச் சுருட்டுப் பத்துகிற மனிதர். வன்னியில் நான் அதிகம் காணும் தவறு இதுதான்.

சாதாரணமாக, பல்லடியில் அழுக்குப் படிந்து கிருமி பெருகினால் முரசு சிவந்து வீங்கும், பல் மினுக்கும்போது இரத்தம் கசியும். அதைப் பார்த்துத்தான் நாம் பயந்து வைத்தியரிடம் போகிறோம். ஆனால் புகையிலையில் உள்ள நிக்கொட்டின் முரசின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வீக்கமும் இரத்தமும் வெளியே தெரியாது, முரசு வெளிறித் தடித்து நிற்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சரியாக வேலை செய்யாது. உள்ளே பல்லை விட்டு முரசு விலகி, அந்த இடைவெளி ஆழமாகும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். நல்ல முரசில் அந்த ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர். கோடு போட்ட மெல்லிய கம்பியால் அளந்தபோது பெரியப்பாவின் ஒரு பல்லடியில் 7 இருந்தது. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. புகைப்பவருக்கு முரசு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கறை போகட்டும் என்று உமிக்கரியை விரலில் எடுத்து அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. பல் தேயும், முரசு மேலும் இறங்கும், கல்லாக இறுகிய ஊத்தையோ அப்படியே இருக்கும். அதை வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

பல்வலிக்குப் புகையிலைத் துண்டைக் கன்னத்தில் அடக்குவது, சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுவது, இரண்டும் ஒன்றுதான். அடக்கும் இடத்தில் முரசு கரையும், வெள்ளைத் திட்டு வரலாம். பாக்கு தனியாகவே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும். பல் பிடுங்கிய அன்றே புகைத்தால் குழியில் உறைந்த இரத்தம் கழன்று கடும் வலி எடுக்கலாம். குறைந்தது மூன்று நாளாவது பொறுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்தது. பெரியப்பா ஒருமுறை சுருட்டை விட்டார். சில வாரத்தில் முரசில் இரத்தம் வந்தது. "விட்டதாலதான் இந்த வருத்தம்" என்று திரும்பவும் பற்றவைத்தார். உண்மையில் அது இரத்த ஓட்டம் திரும்பி, மறைந்திருந்த வீக்கம் வெளியே வந்த நேரம். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கல்லைச் சுரண்டி எடுப்பித்திருக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் அதற்குக் காசு இல்லை. போகும்போது ஒரு நாளைக்கு எத்தனை புகைக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், முரசின் ஆழத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அவருடைய முன்பல் இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு சுருட்டை மறுபடி விட்டார். இந்தமுறை இரத்தம் கண்டதும் நேரே கிளினிக்குக்குப் போனார்.