விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? படிப்படியாகச் சரிசெய்யும் முறை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகளைக்கூடப் பலர் விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டார்கள். மாறிய பிறகு சிலருக்கு வைஃபை தொல்லை கொடுக்கிறது. இணைப்பு அடியோடு போய்விடுவதில்லை. சிறிது நேரம் ஒழுங்காக இருந்து, காணொளி அழைப்பின் நடுவே அறுந்து, தானாகவே திரும்பி வருகிறது. இப்படி வந்து வந்து போகும் கோளாறைப் பிடிப்பதுதான் கடினம், ஏனெனில் நாம் எதையோ மாற்றிய வேளையில் இணைப்பு தற்செயலாக வந்துவிட்டால், அந்த மாற்றத்தால்தான் சரியானது என்று நம்பிவிடுகிறோம். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, குறைந்தது அரை நாளாவது வழக்கம்போல் பயன்படுத்திப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

தொடங்கும் முன் விண்டோஸ் 11 நிறுவப்பட்ட தேதியைப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று சென்றால் தெரியும், பழைய விண்டோஸுக்குத் திரும்ப உதவும் ‘கோ பேக்’ பொத்தான் பொதுவாக 10 நாள்கள் வரைதான் இயங்கும். அதன் பிறகு பழைய விண்டோஸின் கோப்புகள் நீக்கப்பட்டுவிடும்.

படி 1: கோளாறு எந்தப் பக்கம்?

அதே இடத்தில், அதே வைஃபையில் கைபேசியும் துண்டிக்கப்பட்டால் கணினியை விட்டுவிட்டு ரவுட்டரைக் கவனியுங்கள். கைபேசி நன்றாக இயங்கினால், கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். வைஃபைக்குரிய பகுதியில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்பதற்கு எதிரே இருக்கும் எண்தான் உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் அது 192.168.1.1 போல இருக்கும். பிறகு ‘பிங்’ (ping) என்ற சொல், ஓர் இடைவெளி, அந்த முகவரி, மீண்டும் ஓர் இடைவெளி, கடைசியில் சிறு கோட்டுடன் டி (-t) என்ற எழுத்து ஆகியவற்றைக் கொடுத்து என்டர் தட்டி, அந்தச் சாளரத்தை மூடாமல் உங்கள் வேலையைத் தொடருங்கள்.

இணையம் நின்றுபோகும் நேரத்தில் அந்தச் சாளரத்தைப் பாருங்கள். ரவுட்டரிடமிருந்து சில மில்லிசெகண்டுகளில் பதில் வந்துகொண்டே இருந்தால் வைஃபை இணைப்பில் குறையில்லை. அந்நேரம் கைபேசியிலும் இணையம் நின்றிருந்தால் இணையச் சேவை நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்ற வரிகள் அடுக்கடுக்காக வந்தால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் அறுகிறது. சில ரவுட்டர்கள் இந்தச் சோதனைக்குத் தொடக்கம் முதலே பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் நேரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: விண்டோஸ் எழுதிவைக்கும் அறிக்கை

தொடக்கநிலைப் பயனர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம், ஏனெனில் ஊகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் படி இதுதான். கமாண்ட் பிராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ மூலம் திறந்து, நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டபிள்யூலேன்ரிப்போர்ட் என்னும் நான்கு சொற்களை (netsh wlan show wlanreport) இடைவெளி விட்டு ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். முதல் சொல்லின் எழுத்துகள் என், இ, டி, எஸ், ஹெச். இரண்டாவது டபிள்யூ, எல், ஏ, என். நான்காவது சொல் மட்டும் உள்ளே இடைவெளியின்றிச் சேர்ந்தே வர வேண்டும்.

கட்டளை முடிந்ததும் அறிக்கை சேமிக்கப்பட்ட இடம் திரையில் தெரியும். அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால் கடந்த 3 நாள்களின் இணைப்பு வரலாறு ஒரு வரைபடமாக விரியும். சிவப்பு வட்டம் உள்ள இடங்களைச் சொடுக்கி, துண்டிப்புக்குக் காட்டப்பட்டுள்ள காரணத்தைப் படியுங்கள். டிரைவரே (வைஃபை கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இணைப்பைத் துண்டித்ததாக இருந்தால் மூன்றாம் படி உங்களுக்கானது. கணினி உறக்கநிலைக்குச் சென்று திரும்பும் நேரங்களில் மட்டும் அறுந்திருந்தால் நான்காம் படிக்குத் தாவலாம்.

படி 3: டிரைவர்

விண்டோஸ் மாறும்போது பழைய டிரைவர் அப்படியே தொடரலாம், அல்லது விண்டோஸ் அப்டேட் வேறொன்றை வைத்திருக்கலாம். இரண்டுமே சில அடாப்டர்களுக்கு, அதாவது கணினியின் வைஃபை கருவிகளுக்கு, பொருந்தாமல் போவதுண்டு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலை விரித்து, இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் ஆகியவற்றில் எது உங்களுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தக்கூடியதாக இருந்தால் முதலில் அதை முயலுங்கள். மங்கிக் கிடந்தால், திரும்பிச் செல்லப் பழைய பதிப்பு இல்லை என்று பொருள்.

அந்நிலையில் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு, விண்டோஸ் 11-க்கென்று தரப்பட்டுள்ள டிரைவரைப் பதிவிறக்குங்கள். பழையதை நீக்கிய பின் வைஃபையே இல்லாமல் போகக்கூடும் என்பதால், புதிய கோப்பு கையில் வந்த பிறகே நீக்க வேண்டும். அவசரத்துக்குக் கைபேசியைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் வழியாக இணையம் பெறலாம்.

படி 4: மின்சேமிப்பு

டிவைஸ் மேனேஜரில் உங்கள் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் தேர்வை எடுத்துவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அது கோளாறு அல்ல.

படி 5: அலைவரிசை

புளூடூத் ஹெட்செட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையைப் பகிர்வதால், ஹெட்செட் போட்டிருக்கும்போது மட்டும் தடங்கல் வந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். ரவுட்டர் தொலைவில் இருப்பதால் 2.4-இலேயே இருக்க வேண்டியவர்கள், ரவுட்டரின் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாகவும், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவும் வைப்பது நல்லது, ஏனெனில் அந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.

படி 6: நெட்வொர்க் ரீசெட்

பலரும் முதலில் அழுத்தும் இந்தப் பொத்தானைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் இதனால் அழிந்துவிடும். அலுவலக விபிஎன் மென்பொருளையும் மறுபடி நிறுவவோ அமைக்கவோ வேண்டியிருக்கலாம். கடவுச்சொற்களைக் குறித்துக்கொண்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், நெட்வொர்க் ரீசெட் என்று செல்லுங்கள்.

இதற்குப் பிறகும் புதிய அறிக்கையில் டிரைவரே துண்டித்ததாக வந்தால், 10 நாள் கெடுவுக்குள் இருப்பவர்கள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். ஆனால் ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் நீண்ட நாள் இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 11-க்கு டிரைவர் உள்ள ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரை வாங்குவதே மேல். அதை இயங்கிக்கொண்டிருக்கும் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அத்தகைய கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை உண்டாக்கும் என்பதால், ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரைத் தள்ளி வையுங்கள்.